காது கொடுத்துப் பார்க்க வேண்டிய படங்கள்: திருவனந்தபுரம் விழாவுக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிற சர்வதேசத் திரைப்பட விழாவில் பால்புதுமையினர் பற்றிய படங்களும் போடுகிறார்களாமே, உண்மையா? எவற்றைப் பார்க்கலாம்? இந்தப் படங்களில் இசைக்குத் தனி இடம் உண்டு என்கிறார்கள், அதையும் கொஞ்சம் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது, தனியாகப் போகலாமா? மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது."

தம்பி, தாராளமாகப் போகலாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றே சொல்வேன். நான் குழித்துறைக்காரன். ஆஸ்பத்திரி, கல்யாணச் சேலை, சினிமா எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்குப் பட்டணம் என்றால் அது திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. டிசம்பர் வந்தால் விழாவுக்குப் போய்விடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். நீங்கள் கேட்டவை பல. எனக்குச் சொல்ல ஆசை முக்கியமாக ஒன்று. தமிழிலும் மலையாளத்திலும் வந்திருக்கிற பால்புதுமைப் படங்களை, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றவர்களைப் பற்றிய படங்களை, தனித்தனிக் கணக்கில் வைக்க முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைமாறிக் கைமாறி உருவானவை அவை. அவற்றில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பெரும்பாலும் பாட்டும் தாளமும்தான் சொல்லியிருக்கின்றன. இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிபடும்.

முதலில் விழா. 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. 1998 முதல் கேரள அரசின் திரைப்பட அமைப்பான மாநிலச் சலச்சித்ர அகாடமி நடத்துகிறது. இதன் போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டத்துப் படங்களுக்கானது; சிறந்த படத்துக்கு சுவர்ண சகோரம் என்ற விருது. இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்லவில்லை. இந்தப் பகுதிகளில் பல நாடுகளில் தன்பாலீர்ப்பு இன்னும் குற்றம். அங்கிருந்து வருகிற இயக்குநர்களுக்குச் சொந்த ஊர்த் தியேட்டர் கிடைப்பதில்லை, விழாக்கள்தான் திரை. கென்யாவின் வனூரி கஹியு இரண்டு பெண்களின் காதலை 'ரஃபிகி' என்று எடுத்தார். 2018இல் கான் விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம் அது. அந்த நாட்டிலேயே தடை செய்தார்கள். நீதிமன்றம் போய் ஏழு நாளைக்கு மட்டும் திரையிட அனுமதி வாங்கினார். அந்த ஏழு நாளும் நைரோபியில் கூட்டம் அலைமோதியது. பாகிஸ்தானின் 'ஜாய்லேண்ட்' 2022இல் கானில் நடுவர் பரிசும், பால்புதுமைப் படத்துக்கான க்வியர் பாம் விருதும் வாங்கிய படம். லாகூரில் ஒரு நடனத் தியேட்டர், அதில் ஆடுகிற திருநங்கை பீபா, அவளிடம் மனதைப் பறிகொடுக்கிற கல்யாணமான ஆள். பீபாவாக நடித்த அலீனா கானும் திருநங்கையே. சொந்த நாட்டில் முதலில் தடை, பிறகு தடை நீக்கம், ஆனால் லாகூர் இருக்கிற பஞ்சாப் மாகாணத்தில் தடை தொடர்ந்தது. எந்த ஊரின் கதையோ அந்த ஊர் பார்க்க முடியவில்லை. இப்படிப்பட்ட படங்களைப் பெரிய திரையில் பார்க்க நம் பக்கத்து ஊரில் வழி இருக்கும்போது அதை விடக்கூடாது.

உலக விழாக்களில் இதற்கென்று தனி மரியாதை வந்து ஒன்றும் அதிக காலம் ஆகவில்லை. பெர்லினில் 1987இல் டெடி விருது தொடங்கினார்கள், முதல் வருடம் ஸ்பெயினின் இயக்குநர் பெத்ரோ அல்மதோவாருக்குக் கிடைத்தது. இதே மாதிரி விருது வெனிஸில் 2007இல் வந்தது, கானில் 2010இல். மும்பையில் 2010 முதல் காஷிஷ் என்ற பால்புதுமைத் திரைப்பட விழா நடக்கிறது. சென்னையிலும் 'ரீல் டிசையர்ஸ்' என்ற பெயரில் இதற்கான விழா நடந்திருக்கிறது.

திருவனந்தபுரத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 2016. அந்த வருடம் 'ஜெண்டர் பெண்டர்' என்று தனித் தொகுப்பே வைத்தார்கள். பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டோடு மூன்றாவதாகவும் ஓர் இடம் விட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் நாட்டிலேயே முதலாவதாகக் கேரள அரசு திருநர் கொள்கையை வெளியிட்டிருந்தது. ஜயன் செறியானின் 'கா பாடிஸ்கேப்ஸ்' அதே விழாவில்தான் திரையேறியது. ஒரு தன்பாலீர்ப்பு ஓவியன், அவனுடைய காதலன், தன் உடம்பின் மேல் தனக்கே உரிமை என்று நிற்கிற ஒரு தோழி, இடம் கோழிக்கோடு. தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. கேரள உயர் நீதிமன்றம் போய்த்தான் விழாவில் காட்ட அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விழாவில் போடுகிற படங்களுக்கு விலக்குக் கிடைத்தால் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. 1952ஆம் வருடச் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9ஆம் பிரிவில் அரசு விலக்குக் கொடுக்கலாம். அதனால்தான் வெளியாள் டிக்கெட் எடுத்து உள்ளே வர முடியாது, டெலிகேட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி, அதுவும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வெட்டாத படத்தைப் பார்க்கிற உரிமை அந்தக் கழுத்துப் பட்டையில் தொங்குகிறது.

சரி, படங்களுக்கு வருவோம். மலையாளத்தில் இது நேற்று முளைத்ததில்லை. 1978இல் மோகன் 'ரண்டு பெண்குட்டிகள்' எடுத்தார். வி. டி. நந்தகுமாரின் நாவல் அது. 1986இல் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல'. பள்ளிச் சுற்றுலாவிலிருந்து தப்பி ஓடுகிற நிம்மி, சாலி என்ற இரண்டு பெண்கள். காதல் என்று யாரும் ஒரு இடத்திலும் சொல்வதில்லை, ஆனால் சாலியின் கண் நிம்மியைவிட்டு நகருவதே இல்லை. கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். அந்த முடிவைப் பார்த்துப் பார்த்து ஒரு தலைமுறையே நொந்திருக்கிறது. 2004இல் லிஜி புல்லாப்பள்ளி 'சஞ்சாரம்' எடுத்தபோது, கேரளத்தில் ஜோடி ஜோடியாக உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களின் செய்திகள் பின்னால் இருந்தன. அவருடைய கிரண் சாவைத் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அது பெரிய படம்.

இடையில் வந்த மலையாளக் கேலிப் படங்களைப் பற்றி நேரம் செலவழிக்க விருப்பமில்லை. தமிழிலும் அப்படிப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டு அழவைக்க அந்தப் படங்களின் வசனம் எத்தனை வருடம் பயன்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்போது நான் சொன்ன கைமாற்றத்தைப் பாருங்கள். கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளைப் பற்றித் தமிழில் 'நவரசா' எடுத்தவர் திருவனந்தபுரத்துச் சந்தோஷ் சிவன். தன் சித்தப்பா ஏன் ரகசியமாகப் பெண்ணாக அலங்கரித்துக்கொள்கிறார் என்று தேடிப் போகிற ஒரு சின்னப் பெண்ணின் கண் வழியாக அந்தத் திருவிழாவைக் காட்டினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ராமின் 'பேரன்பு' தமிழ்ப் படம். நாயகன் மம்மூட்டி, மீராவாக நடித்தவர் கேரளத்துத் திருநங்கை நடிகை அஞ்சலி அமீர். 2018இல் ராட்டர்டாம் விழாவில் முதலில் காட்டினார்கள். 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' பகுதியில் சத்தார் என்ற வேடத்தில் வந்து கலங்கடித்தவர் மலையாளியான காளிதாஸ் ஜெயராம். ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை'யில், தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதாக வீட்டில் சொல்கிற மகளாக நடித்தவர் கேரளத்து லிஜோமோள் ஜோஸ். 2023இல் கோவா விழாவின் இந்தியன் பனோரமாவுக்குப் போன அந்தப் படம், நம் தியேட்டருக்கு வர 2025 பிப்ரவரி ஆகிவிட்டது.

எதிர்த் திசையிலும் ஆள் போயிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன நேஹா என்ற திருநங்கை, பி. அபிஜித் இயக்கிய 'அந்தரம்' என்ற மலையாளப் படத்தின் நாயகி. ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய மகளுக்குத் தாயாக முயல்கிற அஞ்சலி என்ற வேடம். பெண்களுக்கும் திருநர்களுக்குமென்று கேரள மாநிலத் திரைப்பட விருதில் புதிதாக ஒரு பிரிவு ஏற்படுத்தி, 2022இல் அறிவித்த பட்டியலில் அதை அவருக்குக் கொடுத்தார்கள். ஒரு தமிழ்த் திருநங்கையின் நடிப்புக்குக் கேரள அரசு முதலில் கைதட்டியது என்பது எனக்கு மகிழ்ச்சிதான். நம் பக்கத்தில் அவரை வைத்துப் படம் எடுக்க யாரும் முந்தவில்லையே என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யா என்ற திருநங்கை தமிழில் எழுதிய தன்வரலாறும் இப்படித்தான். அதைப் படமாக்கியவர்கள் கன்னடர்கள். அந்த வேடத்துக்கு சஞ்சாரி விஜய் தேசிய விருது வாங்கினார்.

'காதல் தி கோர்' பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜியோ பேபி இயக்கி 2023 நவம்பரில் வந்தது. மேத்யூ தேவஸ்ஸி வார்டு இடைத்தேர்தலில் நிற்கிறார். அதே நேரத்தில் மனைவி ஓமனா, கணவர் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி விவாகரத்துக் கேட்கிறார். மம்மூட்டியும் ஜோதிகாவும். தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படம்தானே, விழாவில் யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் அந்த டிசம்பரில் விழாவில் போட்டபோது க்யூ தியேட்டர் வாசலைத் தாண்டிப் போனது. வயசான தம்பதிகள், காலேஜ் பிள்ளைகள், கைகோத்து வந்த இரண்டு ஆண்கள், எல்லோரும் ஒரே வரிசையில். உள்ளே படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். அப்பாவிடம் மேத்யூ உடைந்து அழுகிற காட்சியில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ள மறந்தேவிட்டார். தனியாக போனில் பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன், அவ்வளவுதான். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாக மூச்சடக்கி இருக்கிற அந்த இடத்தில் உட்காருவது வேறு. சொந்தக்காரர்கள் நடுவே கிடைக்காத ஒரு ஆதரவு அங்கே கிடைக்கும். அந்தப் படம் பிறகு சிறந்த படத்துக்கான மாநில விருதையும் வாங்கியது.

அதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மேத்யூவும் அவர் மனதில் இருக்கும் தங்கனும் பேசிக்கொள்கிற காட்சி அநேகமாக இல்லை. பார்வைதான். மேத்யூஸ் புலிக்கனின் இசை அந்த இடங்களில் முந்திக்கொண்டு அழாமல் ஒதுங்கியே நிற்கிறது. இதுதான் நீங்கள் கேட்ட இசைக்கான வாசல்.

யோசித்துப் பாருங்கள். வசனத்தில் "உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்ல ஊரும் சட்டமும் விடாத காலத்தில் இயக்குநர் வேறு எங்கே போவார்? பாட்டுக்குத்தான். தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1996இல் எடுத்தது. தில்லியில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர் காதலிக்கிற கதை. 1998இல் இங்கே வெளியானபோது மும்பையில் தியேட்டர்களை அடித்து நொறுக்கினார்கள். அந்தப் படத்துக்கு இசை ஏ. ஆர். ரகுமான். 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசையை, நவீனின் அந்தப் புல்லாங்குழலை, இதிலும் பயன்படுத்தினார். 1995இல் இரண்டு மதத்துப் பிள்ளைகளின் காதலுக்கும் எரிகிற ஊருக்கும் வாசித்த குழல், அடுத்த வருடமே இரண்டு பெண்களின் காதலுக்கும் பொருந்திப்போனது. நம் வீடுகளில் அந்த இசையைக் காலர் ட்யூனாக வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கீது மோகன்தாஸின் 'மூத்தோன்' பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். லட்சத்தீவில் அக்பரும் அமீரும். நிவின் பாலி, ரோஷன் மேத்யூ. அமீருக்குப் பேச்சு வராது. அக்பரோ குத்து ராத்தீப் நடத்துகிறவன். தஃப் என்ற பறையின் அடியும், திக்ரு என்று இறைவன் பெயரை ஓதுவதும் ஏற ஏறக் கத்தியால் தன் உடம்பைக் குத்திக்கொள்கிற சடங்கு. ஒருவனுக்கு வாய் இல்லை, இன்னொருவனுக்கு வாய் இருந்தும் சொல்ல வழியில்லை. அவர்களுக்குள் ஓடுகிறதை அந்தத் தாளத்தில் கேட்கலாம்.

வெளிநாட்டுப் படங்களில் மூன்றைச் சொல்கிறேன். செலீன் சியாமாவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்', 2019. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் கடலோரத்தில் ஒரு ஓவியப் பெண், அவள் வரைய வேண்டிய கல்யாணப் பெண். படத்தில் பின்னணி இசையே கிடையாது. அடுப்பு எரிகிற சத்தம், துணி உரசல், தூரிகை கேன்வாஸில் இழுபடுகிற சத்தம், அலை. இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் நம் காதைக் காயப்போட்டுவிட்டு, ராத்திரியில் தீ மூட்டிச் சுற்றி நிற்கிற பெண்களை மெதுவாக முனக வைக்கிறார். முனகல் சுருதியாகிறது, பிறகு கைத்தட்டல் சேர்கிறது, ஒன்றின் மேல் ஒன்றாகக் குரல் ஏறுகிறது. நம் ஊர்க் கும்மியில் கை மாறுகிற வேகத்தில் ஒரு நடுக்கம் வருமே, அதேதான். தீக்கு இரண்டு பக்கமும் நின்று அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு படத்தில் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் இன்னொரு முறை இசை வரும், விவால்டியின் 'கோடை'. ஒரு கச்சேரி அரங்கில் ஒருத்தி கேட்டு அழுகிறாள், மற்றவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கேமரா ஒரே முகத்தில் நிற்கிறது. இந்தப் படத்தை லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

அடுத்தது சிலி நாட்டின் 'எ ஃபன்டாஸ்டிக் வுமன்'. 2017இல் பெர்லினில் டெடி, 2018இல் ஆஸ்கர். மரீனா ஒரு திருநங்கை, பாடகி. கூட வாழ்ந்தவர் திடீரென்று இறந்துவிடுகிறார். அவருடைய குடும்பம் மரீனாவை இறுதிச் சடங்குக்குள்ளேயே விடவில்லை. சந்தேகப்படுகிறது போலீஸ், அவமானப்படுத்துகிறார்கள் உறவுக்காரர்கள். கடைசியில் மரீனா மேடையேறி ஹாண்டலின் 'ஓம்ப்ரா மாய் ஃபூ' பாடுகிறார். ஒரு மரத்தின் நிழலைப் போற்றுகிற பாட்டு, அவ்வளவுதான் அதன் பொருள். 1738இல் ஹாண்டல் அதை ஒரு காஸ்ட்ராட்டோ பாடகருக்காக எழுதினார். குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண்கள் அவர்கள். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காத குரலுக்காக எழுதின பாட்டை டேனியேலா வேகா தன் சொந்தக் குரலில் பாடுகிறார். அவர் முறைப்படி பயிற்சி பெற்றவர், திருநங்கை. அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கே இயக்குநர் செபாஸ்தியான் லெலியோவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மூன்றாவது வோங் கார்-வாயின் 'ஹேப்பி டுகெதர்', 1997. ஹாங்காங்கிலிருந்து அர்ஜென்டினா போய்ச் சண்டை போட்டுப் பிரிந்து சேர்ந்து மறுபடி பிரிகிற இரண்டு ஆண்கள். இகுவாசு அருவியை மேலிருந்து காட்டும்போது கயத்தானோ வெலோசோவின் குரல் வரும். அப்புறம் அழுக்குச் சமையலறையில் பியாசோல்லாவின் டாங்கோவுக்கு அந்த இருவரும் ஆடுவார்கள். அதில் நடித்த லெஸ்லி சியுங் சினிமாவைப் போலவே பாட்டிலும் பெரிய நட்சத்திரம். 1997இல் தன் கச்சேரி மேடையிலேயே ஒரு காதல் பாட்டைத் தன் தாய்க்கும் தன் ஆண் துணைவருக்கும் அர்ப்பணித்தார். ஹாங்காங்கில் அன்று அது எவ்வளவு துணிச்சல்!

இதெல்லாம் எங்கோ இருக்கிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்துப் பார்த்திருப்பீர்கள். அண்ணாவி பாட, மகுடம் என்ற பறை அதிர, சேலை கட்டிச் சலங்கை கட்டின இரண்டு ஆண்கள் ராத்திரி முழுக்க ஆடுவார்கள். நம் ஆச்சிமார் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த ஆட்டம். கொல்லத்துக்கு வடக்கே சவறையில் கொற்றன்குளங்கரை கோயில் சமயவிளக்குத் திருவிழாவுக்கு மீன மாதத்தில், நம் பங்குனி வாக்கில், ஆயிரக்கணக்கான ஆண்கள் பெண் வேடத்தில் விளக்கேந்தி நிற்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் பால்புதுமையினர் என்று நான் சொல்ல மாட்டேன். சடங்கு வேறு, ஒருவருடைய வாழ்க்கை வேறு. ஆனால் ஆண் உடம்பில் பெண் நடையைக் கண்டு மிரளாத கண்ணும் அதற்கான தாளத்தை அறிந்த காதும் நம் பக்கத்தில் ஏற்கெனவே உண்டு.

மேடை இசையிலும் திருநர் பெயர்கள் இருக்கின்றன, தேடிக் கேளுங்கள். மதுரையில் பிறந்து தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பயின்ற நர்த்தகி நடராஜ் பரதம் ஆடிப் பத்மஸ்ரீ வாங்கியவர், 2019இல். அந்த விருது பெற்ற முதல் திருநங்கை. கர்நாடகத்தில் எல்லம்மா தேவிக்கு நேர்ந்துவிடப்பட்ட திருநர்களான ஜோகப்பாக்கள் சௌடிகே என்ற வாத்தியத்தை வாசித்துப் பாடுகிறவர்கள். கர்நாடக சங்கீதப் பாடகர் டி. எம். கிருஷ்ணா அவர்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்திருக்கிறார். அவர்களில் ஒருவரான மஞ்சம்மா ஜோகதி நாட்டுப்புறக் கலைகளுக்கான கர்நாடக ஜானபத அகாடமிக்குத் தலைவராகவும் இருந்தார்.

விழாவிலும் இசை உண்டு. பெரும்பாலும் சாயங்காலங்களில் ஏதாவது ஒரு மேடையில் நிகழ்ச்சி இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது மேடை இல்லாத பாட்டு. டாகூர் தியேட்டர் வளாகத்தில் மரத்தடியில் யாராவது ஒருவர் நாடன்பாட்டு எடுப்பார், இன்னொருவர் கையில் கிடைத்ததில் தாளம் போடுவார், நாலு பாட்டுக்குப் பிறகு எப்படியும் இளையராஜா வந்துவிடுவார். அப்போது தமிழ் வரி தெரிந்தவர்களுக்கு அங்கே தனி மதிப்பு. மானவீயம் வீதிப் பக்கமும் ராத்திரி இப்படிப் பாடுவார்கள். திருநங்கைத் தோழிகள், ஆணும் ஆணுமாக வந்தவர்கள், தனியாக வந்து ஓரமாக நிற்பவர்கள், யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

இப்போது உங்கள் பயம். அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். களியக்காவிளையிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான், தெரிந்த முகம் தட்டுப்படத்தான் செய்யும். ஆனால் அங்கே எல்லோர் கழுத்திலும் ஒரே பாஸ்தான், எல்லோரும் எல்லாப் படத்துக்கும் போகிறார்கள். ஒரு படத்தின் வரிசையில் நிற்பது நீங்கள் யார் என்பதற்கான அறிவிப்பு ஆகாது. வீட்டில் "திரைப்பட விழாவுக்குப் போகிறேன்" என்றால் அது முழு உண்மை. பத்திரிகைக்காரர்கள் க்யூவைப் படம் பிடிப்பார்கள். முகம் வர விருப்பமில்லை என்றால் கொஞ்சம் உள்தள்ளி நில்லுங்கள், பாட்டுக் கூட்டத்தை யாராவது ரீல்ஸ் எடுத்தால் "என்னை எடுக்க வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். முதல் தடவை நம்பிக்கையான ஒரு தோழனோ தோழியோ கூட வந்தால் நல்லது. யாரும் இல்லையென்றாலும் தனியாக வருகிறவர்கள் ஏராளம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தவர்களின் சம்மத உறவை விடுவித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினரைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்றும், 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்கிற சிகிச்சைகள் கூடாது என்றும் உத்தரவிட்டார். யாராவது உங்களை அப்படி ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தால் இது நினைவில் இருக்கட்டும்.

அப்புறம் நடைமுறை. பதிவு ஆன்லைனில், விழாவுக்குச் சில வாரம் முன்பே திறக்கும்; அறிவிப்பு வந்த உடனே போட்டுவிடுங்கள். அண்மை வருடங்களில் கட்டணம் பொதுவாக 1180 ரூபாய், மாணவர்களுக்கு 590. கல்லூரி அடையாள அட்டையைத் தயாராக வையுங்கள். குழித்துறையிலோ பாறசாலையிலோ ரயில் ஏறினால் திருவனந்தபுரம் சென்ட்ரல். இறங்கி நடக்கிற தூரத்தில் தம்பானூர் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகம். டாகூரும் கலாபவனும் வழுதைக்காட்டில், நிசாகந்தி திறந்தவெளி அரங்கம் கனகக்குன்றில். ஒரு நாளுக்கு மூன்று படத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் மேலே சொன்ன மாதிரிப் படம் ஒன்று பார்த்தால் அடுத்து ஒரு டீயும் ஒரு நடையும் வேண்டும். ரிசர்வேஷனில் சீட் போய்விட்டது என்று காட்டினாலும் மனம் தளர வேண்டாம், பதிவில்லாதவர்களுக்கான வரிசையில் முன்கூட்டியே நின்றால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். பட்டியலில் இயக்குநர் வந்து பேசுவதாகப் போட்டிருந்தால் அந்தக் காட்சிக்கே போங்கள். கேள்வி கேட்க மலையாளம் வராவிட்டால் தமிழில் கேளுங்கள், யாராவது மொழிபெயர்த்துச் சொல்வார்கள்.

மலையாளம் வாசிக்கத் தெரியாதது ஒரு தடையே இல்லை. நிகழ்ச்சி அட்டவணை ஆங்கிலத்திலும் இருக்கும், வெளிநாட்டுப் படங்களுக்கும் மலையாளப் படங்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் ஓடும். முதல் நாள் அதை வாசிப்பதிலேயே கண் களைத்துப்போனால், இரண்டாவது நாள் மலையாளப் படங்களாகப் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பேச்சு கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே எழுத்தே பார்க்க வேண்டியிருக்காது.